மஞ்சள் கோடு

சக்கரப் பூட்டு வந்த முதல் வாரத்திலேயே என் மூக்கு உடைந்தது. உடைத்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது. பீர்ப் பெட்டிகள், ஒரு மூட்டை அடுப்புக்கரி, ஒரு முழு மாட்டு விலா என்று டிராலியை நிரப்பிக்கொண்டு, பில் போட்டு, பணம் கட்டி, ஒழுங்காகத்தான் வெளியே வந்தான். காரை மட்டும் எங்கள் பார்க்கிங்கில் விடாமல் பக்கத்துத் தெருவில் விட்டிருந்தான். வெளிவாசலில் மஞ்சள் கோட்டைத் தாண்டியதுமே டிராலியின் முன்சக்கரம் கப்பென்று பிடித்துக்கொண்டது. வண்டி நின்றது. வேகமாக வந்த அவனால் நிற்க முடியவில்லை. கைப்பிடி வயிற்றில் குத்த, அப்படியே மடங்கி பீர்ப் பெட்டிகள் மேல் விழுந்தான். தார்த்தரை முழுக்க நுரை ஓடியது.

தூக்கிவிட ஓடினேன். எழுந்தவன் உடையாமல் கிடந்த ஒரு பாட்டிலை எடுத்து என் முகத்தில் இறக்கினான்.

"காசு கட்டுனவனையே திருடன்னு புடிக்கிறீங்களாடா?"

நான் லிசாண்ட்ரோ. ஃபிரெஸ்னோ நகரின் கிழக்குப் பக்கம், ஆறு வரிசைச் சாலையில், பெரிய மருத்துவமனைக்கு நேர் எதிரே இருக்கும் பல்பொருள் அங்காடியில் டிராலி பொறுக்குபவன். வாடிக்கையாளர்கள் கண்ட இடத்தில் விட்டுப்போகும் டிராலிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, நீளமாக வாசல்வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். கோடையில் தார் உருகிச் செருப்பில் ஒட்டும். டிராலியின் கம்பியை வெறுங்கையால் தொட்டால் தோல் பொசுங்கும். அந்த வேலையை எனக்கு வாங்கிக்கொடுத்தவர் என் அக்கா ஒஃபேலியாவின் கணவர் யூசேபியோ.

மச்சானுடைய பிழைப்பும் டிராலிதான். ஆனால் அவர் கடைக்கு வெளியே. எங்கள் பக்கம் கார் இல்லாதவர்கள் அதிகம். சாமானை டிராலியோடு வீடுவரை தள்ளிக்கொண்டு போய்த் தெருமுனையில் விட்டுவிடுவார்கள். கடைக்குப் பக்கத்தில் ஓடும் கால்வாயின் கரையில் கூடாரம் போட்டு இருப்பவர்களுக்கு டிராலிதான் அலமாரி, பெட்டி, வீடு எல்லாம். மச்சான் தன் பழைய டிரக்கில் சந்து சந்தாகச் சுற்றி அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வந்து கடையில் இறக்குவார். இறக்கும் ஒவ்வொன்றுக்கும் கடை காசு கொடுக்கும். பதினைந்து வருடத்தில் அந்தக் காசிலேயே வீடு கட்டினார், மகள்களைப் படிக்க வைத்தார். டிரக்கில் ஏற்றிய டிராலிகளைக் கட்டுவதற்கு என் கட்டைவிரல் பருமனில் ஒரு சங்கிலி வைத்திருப்பார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடந்து வரும்போது நாய்கூடக் குரைக்காது.

பூட்டு போட வந்தவன் நெங் லோர். மோங் இனத்துப் பையன், முப்பது வயதிருக்கும், எந்நேரமும் சிரித்த முகம். பார்க்கிங்கைச் சுற்றி ரம்பத்தால் தார்த்தரையில் விரலளவு பள்ளம் அறுத்து, அதற்குள் ஒரு ஒயரைப் பதித்து, மேலே தார் ஊற்றி மூடினான். ஒயரின் இரண்டு முனைகளும் மேனேஜர் அறையில் ஒரு பெட்டிக்குள் போயின. ஒயர் போன தடத்தின் மேல் மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள்.

எனக்குப் புரியவில்லை. "ஒயர் தரைக்குள்ள கெடக்கு. டிராலி மேல போகுது. ரெண்டும் தொடவே இல்லியே, எப்பிடிய்யா புடிக்கும்?"

நெங் ஒரு சக்கரத்தைத் திருகித் திறந்து காட்டினான். வெளியிலிருந்து பார்த்தால் மற்றச் சக்கரங்களைப் போலத்தான் இருந்தது. உள்ளே ஒரு பேட்டரி, செம்புக்கம்பிச் சுருள், சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு மோட்டார், பல் வைத்த ஒரு பிரேக்.

"அண்ணே, அந்த ஒயரு நாள் பூரா கத்திக்கிட்டே இருக்கும். நம்ம காதுக்குக் கேக்காது. இந்தச் சுருளுக்கு மட்டும் கேக்கும். கோட்டுக்கிட்ட வந்ததும் சுருள் மோட்டாரை எழுப்பிவிடும், மோட்டாரு பிரேக்கைத் தள்ளும். அவ்ளோதான்."

"அப்புறம் எப்பிடி விடும்?"

"அதுவா விடாது. ஒயரையே தோண்டி எடுத்தாலும் பூட்டுனது பூட்டுனதுதான். இந்த ரிமோட்ல வேற மாதிரி ஒரு கத்தல் இருக்கு. அதைக் கேட்டாத்தான் அவுந்து குடுக்கும்." கறுப்பாக ஒரு ரிமோட்டை என் இடுப்பு பெல்ட்டில் மாட்டிவிட்டான். "பத்திரம். இதுக்காக உங்களை அடிப்பாங்க."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அந்தக் கோடையில் நான் வாங்காத அடி இல்லை. மூக்குக்குப் பிறகு விலா. பிறகு ஒரு கிழவர், சர்ச்சுக்குப் போகிற உடுப்பில் இருந்தவர், பூட்டிக்கொண்ட டிராலியைத் தூக்கி என் பாதத்தின் மேல் போட்டார். கடையோ சந்தோஷமாக இருந்தது. டிராலி வெளியே போவது நின்றுவிட்டது.

மச்சானின் டிரக் காலியாக ஓட ஆரம்பித்தது.

முதலில் மற்றக் கடைகளுக்குப் போய்ப் பார்த்தார். அங்கெல்லாம் வேறு ஆட்கள் இருந்தார்கள், இவரை விரட்டிவிட்டார்கள். ஞாயிறு மதியம் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனால் அவர் தட்டைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்ன மாப்ள, பூட்டு நல்லா வேலை செய்யுதா?"

"மச்சான், நானா போட்டேன்?"

"ரிமோட்டு உன் இடுப்புலதானே தொங்குது?"

அக்கா அவித்த சோளத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, "சாப்பிடறப்பவாவது சக்கரத்தை விடுங்க ரெண்டு பேரும்" என்பாள். அவர் எழுந்து போய்விடுவார்.

கடையிலிருந்து புதிதாக டிராலி வராது என்றானதும் அவர் பழைய டிராலிகளைத் தேடி இறங்கினார். பூட்டு வருவதற்கு முன்பே வெளியே போனவை கால்வாய்க் கரையில்தான் இருந்தன. ஆட்களோடு இருந்தன. முன்பெல்லாம் அவர்கள் விட்டுப்போனதை மட்டும்தான் எடுப்பார். இப்போது கூடாரத்துக்குள் புகுந்து எடுத்தார். உள்ளே இருந்த போர்வை, பாத்திரம், மாத்திரைப் புட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டிவிட்டு டிராலியை இழுத்துக்கொண்டு போவார். தடுத்தவர்களைச் சங்கிலியால் அடித்தார்.

அங்கே டாக்கெட் என்று ஒருவன் இருந்தான். ஒல்லியான வெள்ளைக்காரன், முன்பு கூரை போடும் வேலை செய்தவன். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்ததும் வேலை போய், வீடு போய், கரைக்கு வந்தவன். எங்கள் கடையில் தண்ணீர் பிடிக்க வருவான், என்னிடம் இரண்டு வார்த்தை பேசுவான். அவனுடைய டிராலியில் செத்துப்போன மனைவியின் துணிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தான். மச்சான் அந்த டிராலியைக் கவிழ்த்தபோது பை கால்வாயில் விழுந்து மிதந்து போனது. டாக்கெட் தண்ணீரில் குதித்தான். ஊன்றி நிற்க இடுப்பில் வலு இல்லை. மற்றவர்கள் தலைமுடியைப் பிடித்து இழுத்துத்தான் கரை சேர்த்தார்கள். பை கிடைக்கவில்லை.

மறுநாள் தண்ணீர் பிடிக்க வந்தவன் என்னிடம் கேட்டான்: "அந்தச் சங்கிலிக்காரன் உனக்குச் சொந்தமா?"

"அக்கா வீட்டுக்காரரு."

"அவன்கிட்ட சொல்லு. இன்னொரு தடவை வந்தான்னா உன் அக்காவைக் கட்டுன நாளை நெனச்சு அழுவான்."

நான் மச்சானிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றே போய் அடித்திருப்பார்.

அடுத்த வாரம் ஒயர் அறுந்தது. காலையில் மேனேஜர் ஹாடிக்ஸ் அறையில் இருந்த பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டியது. வெளிவாசலில் யாரோ தாரை உளியால் பெயர்த்து ஒயரை வெட்டியிருந்தார்கள். அன்று ஒரே நாளில் டிராலிகள் கொத்துக்கொத்தாக வெளியே போயின. நெங் வந்து ஒட்டவைத்தான். நான்கு நாளில் வேறு இடத்தில் வெட்டு. மறுபடியும் ஒட்டவைத்தான்.

ஹாடிக்ஸ் கோபக்காரி. "எல்லாம் அந்தக் கால்வாய்க் கும்பல் வேலைதான், வேற யாரு?" என்று போலீஸுக்குப் போன் போட்டாள். இரண்டு லாரியும் ஒரு பொக்லைனும் வந்தன. கூடாரங்களை வாரிப்போட்டு நசுக்கினார்கள். எழுந்து ஓடாத ஒரு பெண்ணைக் காலைப் பிடித்து இழுத்ததை நான் பார்க்கிங்கிலிருந்து பார்த்தேன். டாக்கெட் பொக்லைன் முன்னால் போய் நின்றான். அவனைக் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை வைத்து அழுத்தினார்கள். ஒரு போலீஸ்காரரின் பூட்ஸ் அவன் காதில் இருந்தது. "நாங்க வெட்டலடா, நாங்க வெட்டல!" என்று மண்ணுக்குள் கத்திக்கொண்டிருந்தான்.

அவன் சொன்னது உண்மை. அது எனக்குத் தெரிந்தது அடுத்த செவ்வாய்க்கிழமை. வெயிலுக்கு முன்பே வேலையை முடிக்கலாமென்று விடியும்போதே கடைக்கு வந்தேன். வெளிவாசலில் ஒருவர் முட்டி போட்டு உட்கார்ந்து உளியைத் தட்டிக்கொண்டிருந்தார். டிரக்கைப் பார்த்ததுமே ஆளைத் தெரிந்துவிட்டது.

"மச்சான்!"

அவர் அவசரப்படவில்லை. ஒயரை வெளியே இழுத்து, வெட்டி, வெட்டிய துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"டிராலி வெளிய போனாத்தான் நான் உள்ள கொண்டுவர முடியும் மாப்ள. இதுல உனக்கு என்ன நஷ்டம்?"

"அங்க கூடாரத்தையெல்லாம் நசுக்கிட்டாங்க. நீங்க பண்ணதுக்கு அவங்க அடி வாங்குனாங்க. அந்த டாக்கெட்டு காதுல ரத்தம் வந்துச்சு, நான் பார்த்தேன்."

"அவன் எனக்கு மாமனா மச்சானா?"

"இன்னைக்கு நெங் வந்து சரி பண்ணுவான். இன்னொரு தடவை வெட்டுனீங்கன்னா, மேனேஜர்கிட்ட நானே சொல்லுவேன். அக்காவுக்காகன்னு பார்க்க மாட்டேன்."

அவர் கை என் கழுத்துக்கு வந்ததை நான் பார்க்கவே இல்லை. டிரக் கதவோடு சேர்த்து அழுத்தினார். என் பாதங்கள் தரையைத் துழாவின. கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள் வந்தன. அவர் மூச்சில் காப்பி வாடை அடித்தது. இவ்வளவு பக்கத்தில் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார்.

"உனக்கு வேலை வாங்கிக் குடுத்தேனே," என்றார். "உனக்கு நான்தானேடா வாங்கிக் குடுத்தேன்." பிறகு கையை எடுத்துவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நான் தரையில் உட்கார்ந்து இருமினேன்.

அன்று மதியம் நூற்றுப் பத்து டிகிரி வெயில். நெங் தன் வேனை வெளிவாசல் ஓரமாக நிறுத்திவிட்டு, குடை விரித்துக்கொண்டு ஒயரை ஒட்டவைத்துக்கொண்டிருந்தான். வேலை முடிந்து உள்ளே போய்ப் பெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தான். அப்போதுதான் மச்சானின் டிரக் வந்தது. ஒயர் அறுந்து கிடந்த நேரத்தில் கோட்டைத் தாண்டிப் போன டிராலிகளை அதற்குள் பொறுக்கி நிறைத்திருந்தார். நெங்கின் வேனை ஒட்டி, வழியை அடைத்தாற்போல நிறுத்தினார். என்னைப் பார்க்காத மாதிரி பின்பக்கம் போய்ச் சங்கிலியை அவிழ்க்க ஆரம்பித்தார்.

டாக்கெட் எங்கிருந்து வந்தானென்று தெரியவில்லை. கூடாரம் போனபின் பஸ் நிறுத்தத்தின் பெஞ்சில்தான் படுத்துக்கொண்டிருந்தான். விடிகாலையில் உளிச் சத்தத்தை அவனும் கேட்டிருக்கிறான், பார்த்தும் இருக்கிறான். கையில் கூரைத் தகடு அறுக்கிற கொக்கிக் கத்தி. இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து, டிரக்கின் முன்டயரில் கத்தியைச் செருகி இழுத்தான். காற்று சீறியது. அடுத்த பக்கம் போய் அதையும் கிழித்தான். வண்டி முட்டி போட்ட மாதிரி முன்னால் சாய்ந்தது.

"வெட்டுனவன் இவன்தான்!" என்று பார்க்கிங்குக்கே கேட்கும்படி கத்தினான். "ஒயரை வெட்டுனவன் இவன்! என் பொண்டாட்டி துணியைத் தண்ணியில போட்டவன் இவன்! போலீஸைக் கூப்பிடுங்க, இப்பக் கூப்பிடுங்க!"

மச்சான் சங்கிலியோடு திரும்பினார்.

முதல் அடி டாக்கெட்டின் தோளில் விழுந்தது. இரண்டாவது அடியில் அவன் தாடை ஒரு பக்கமாகப் போனது. பற்கள் டிரக்கின் மேல் தெறித்துச் சின்னச் சத்தம் கேட்டது. நான் ஓடி இடையில் விழுந்தேன். மூன்றாவது சுழற்சி என் இடுப்பில் பட்டது. ரிமோட் நொறுங்கி அதன் சில்லுகள் இடுப்புச் சதையில் ஏறின. நான் சுருண்டு விழுந்தேன். மக்கள் சாமானைப் போட்டுவிட்டுக் கடைக்குள் ஓடினார்கள். ஹாடிக்ஸ் கண்ணாடிக் கதவை உள்ளிருந்து பூட்டினாள்.

மச்சான் நிறுத்தவில்லை. தரையில் கிடந்தவனை மறுபடி அடித்தார். "விடுங்க மச்சான், செத்துருவான்!" என்று நான் கத்தினேன். அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. டாக்கெட் அவர் காலைக் கட்டிக்கொண்டான். கெஞ்சுகிறானென்றுதான் நான் நினைத்தேன். கையில் கொக்கிக் கத்தி இருந்தது. தொடையின் உள்பக்கம், மேலிருந்து கீழாக, துணி கிழிப்பது போல இழுத்தான்.

ரத்தம் சொட்டவில்லை, பீச்சியது. மச்சான் குனிந்து தன் காலைப் பார்த்தார். யாருடைய காலோ என்பது போலப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

டாக்கெட் உருண்டு போய் விளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டான். வாயை மூட முடியாமல் முனகினான். நெங்தான் முதலில் அசைந்தான். கையிலிருந்த ஒயர்ச் சுருளைப் பிரித்து மச்சானின் தொடையில் நான்கு சுற்றுச் சுற்றி, ஸ்க்ரூடிரைவரைச் செருகி முறுக்கினான். ஒயர் சதைக்குள் இறங்கியது. மச்சான் அலறினார். பீச்சல் குறைந்து கசிவானது.

"ஆம்புலன்ஸ்!" என்றான் நெங். நான் போனில் கத்திக்கொண்டிருந்தேன். நெடுஞ்சாலையில் பெரிய விபத்து, வண்டியெல்லாம் அங்கே போயிருக்கிறது, காத்திருங்கள் என்றாள் ஒரு பெண். எதிரே, சாலைக்கு அந்தப்பக்கம், அவசரப் பிரிவின் சிவப்பு எழுத்துக்கள் தெரிந்தன.

"உன் வேனு?"

"எப்பிடி எடுக்கறது? உங்க மச்சான் டிரக்கு குறுக்க படுத்துக் கெடக்கே!"

டிரக்கிலிருந்து ஒரு டிராலியை இழுத்துப் போட்டோம். இரண்டு பேரும் அக்குளிலும் காலிலும் பிடித்து மச்சானைத் தூக்கி அதற்குள் திணித்தோம். முழங்கால் மார்பில் இடிக்க, சின்னப் பிள்ளையைப் போல உள்ளே மடங்கிக் கிடந்தார். ஓடினோம். அந்த அவசரத்தில் என் நினைவில் கோடு இல்லை, நெங்குக்கும் இல்லை. அவன்தான் அரை மணி நேரத்துக்கு முன் அதைச் சரி செய்தவன்.

கப்பென்று பிடித்தது.

நான் கைப்பிடியில் மோதி நின்றேன். உள்ளே மச்சானின் முகம் கம்பியில் போய் அறைந்தது. வண்டி பக்கவாட்டில் சாய, நெங் பாய்ந்து பிடித்தான். தள்ளிப்பார்த்தோம். பூட்டிய சக்கரம் தாரில் தேய்ந்து கறுப்புக் கோடு போட்டதே தவிர வண்டி நகரவில்லை.

"ரிமோட்டு! அண்ணே, ரிமோட்டு!"

நான் இடுப்பைக் காட்டினேன். நொறுங்கிய பிளாஸ்டிக்கும் ரத்தமும்தான் இருந்தன.

"உன்னோடது?"

"உள்ள பெட்டிக்கிட்டயே வெச்சிட்டு வந்தேன்." கடையைத் திரும்பிப் பார்த்தான். பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக முகங்கள். எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. நெங் தன் மொழியில் ஏதோ கத்திக்கொண்டு, வெட்டுக் குறடை எடுத்துத் தான் மூடிய தாரிலேயே குத்தினான்.

"அதை வெட்டி என்ன ஆகப் போகுது? பூட்டுனது பூட்டுனதுதான்னு நீதானே சொன்ன!"

அவன் குறடை வீசி எறிந்தான். "பின்னால சாய்ங்க," என்றான். "முன்சக்கரம் ரெண்டும் மேல தூக்கணும்."

இரண்டு பேரும் கைப்பிடியில் தொங்கினோம். எழும்பவில்லை. மச்சான் கனமான மனிதர்.

"மச்சான், எங்க பக்கமா சாயுங்க! இந்தப் பக்கம்! கேக்குதா?"

அவர் கண் திறந்தார். என்னைத் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் தலையைப் பின்னுக்குத் தள்ளி என் கையில் சாய்த்தார். முன்பக்கம் எழும்பியது. பின்சக்கரங்கள் மட்டும் தரையில் பட, சாய்ந்த வண்டியை மார்பில் தாங்கிக்கொண்டு சாலையில் இறங்கினோம்.

ஆறு வரிசை. ஹாரன்கள். ஒரு பேருந்து எங்களுக்கு முன்னால் கிறீச்சிட்டு நின்றது. நடுவில் வந்தபோது ஒரு வெள்ளைக் கார் நிற்காமல் டிராலியின் மூலையைத் தட்டிக்கொண்டு போனது. நெங்கின் கை டிராலிக்கும் காருக்கும் நடுவில் இருந்தது. காய்ந்த குச்சி ஒடிவது போலச் சத்தம் கேட்டது. அவன் கையை விடவில்லை. வாயைப் பிளந்துகொண்டு, சத்தமே வராமல், அந்த உடைந்த கையோடு தள்ளினான். அவசரப் பிரிவின் சரிவில் ஏறும்போதுதான் உள்ளேயிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

நான் அங்கேயே வாந்தி எடுத்தேன்.

மச்சான் பிழைத்தார். கால் பிழைக்கவில்லை. ஒயர் சதையை எலும்புவரை அறுத்துவிட்டது, இடுப்புக்குச் சற்றுக் கீழே எடுக்க வேண்டியிருந்தது. ஒயர் இல்லாவிட்டால் ஆளே இருந்திருக்க மாட்டார் என்றும் மருத்துவர் சொன்னார். நெங்கின் கையில் தகடு வைத்தார்கள். டாக்கெட்டைப் போலீஸ் அந்தக் கம்பத்தடியிலேயே பிடித்தது. தாடை நொறுங்கிக் கிடந்தவன் "கத்தியைப் போடு" என்றதைக் கேட்காமல் இருந்திருக்கிறான். அல்லது கேட்டும் விரல் விரியாமல் இருந்திருக்கிறது. மின்துப்பாக்கியால் மின்சாரம் பாய்ச்சிக் கீழே தள்ளி, அதே முதுகில் மறுபடியும் முழங்காலை வைத்திருக்கிறார்கள். கொலை முயற்சி என்று வழக்கு.

சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முதல் நாள் அக்கா வந்தாள்.

"நீ என்ன சொல்லப் போற?"

"நடந்ததைச் சொல்வேன்."

"நடந்தது என்ன? கத்தி வெச்சிருந்தவன் அவன். டயரைக் கிழிச்சவன் அவன். என் புருஷன் காலை எடுத்தவன் அவன். வேற என்ன நடந்துச்சு?"

நான் என்ன சொல்லப் போகிறேனென்று அவளுக்கே தெரிந்திருந்தது. என் கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டுப் போனாள்.

நீதிமன்றத்தில் டாக்கெட்டின் தாடையில் கம்பி கட்டியிருந்தது. யார் முதலில் அடித்தார்கள் என்று கேட்டார்கள். யூசேபியோ, என் அக்காவின் கணவர் என்றேன். கீழே விழுந்த பிறகும் அடித்தாரா? அடித்தார். ஒயரை வெட்டியது யார்? அதையும் சொன்னேன். டாக்கெட் என்னைப் பார்க்கவில்லை, மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். தண்டனை குறைந்தது, ஆனாலும் சில வருடங்கள் உள்ளே போட்டார்கள். வெளியே வராந்தாவில் அக்கா எல்லோர் முன்னாலும் என் முகத்தில் துப்பினாள். என் தம்பி செத்துட்டான் என்றாள். நான் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கடையில் நான் மறுபடி சேரவில்லை. வாதுமைத் தோட்டத்தில் மரம் உலுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் நடக்கிற வேலைக்குப் போனேன். நெங் அவ்வப்போது போன் செய்வான். மழைக்காலத்தில் கை வலிக்கிறது என்பான்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் மச்சான். இரண்டு ஊன்றுகோல், மடித்துக் குத்திய பேன்ட். பாதி ஆளாக இளைத்திருந்தார். பஸ் ஏறி, இறங்கி, தெருமுனையிலிருந்து தனியாக நடந்து வந்திருக்கிறார். சட்டை முழுக்க வியர்வை.

"நீ கோர்ட்டுல சொன்னது பொய்யா?" என்றார்.

"இல்ல மச்சான்."

சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு, வலதுகை ஊன்றுகோலைத் தூக்கி என்னை அடித்தார். தோளில் விழுந்தது. பழைய பலமில்லை என்றாலும் வலித்தது. மறுபடி ஓங்கினார். நான் நகரவில்லை. ஓங்கிய கோலோடு கொஞ்ச நேரம் நின்றார், ஒற்றைக்கால் நடுங்க ஆரம்பித்தது. விழப்போகிறாரென்று பிடிக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டு, தானே நாற்காலிவரை வந்து உட்கார்ந்தார்.

"தண்ணி குடு."

கொடுத்தேன். குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார், அதையும் குடித்தார்.

"உங்கக்காவுக்கு நான் இங்க வந்தது தெரியாது," என்றார். "சொல்லித் தொலைக்காத."

"சாப்பிடறீங்களா?"

"என்ன இருக்கு?"

"பீன்ஸ் இருக்கு. முட்டை போடலாம்."

"போடு," என்றார்.

நான் அடுப்பைப் பற்றவைத்தேன். முதுகுக்குப் பின்னால் அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.